கார்த்தேஜை விட்டுவிட்டு ரோமின் வீழ்ச்சியைப் பேசலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி வந்த கட்டுரை, வெள்ளிக் காசில் செம்பைக் கலந்ததே பேரரசைச் சாய்த்தது என்கிறது. கலப்படம் நடந்தது உண்மைதான். ஆனால் அது உச்சத்துக்குப் போனதற்கும் மேற்கு ரோமப் பேரரசு விழுந்ததற்கும் நடுவே 200 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 200 ஆண்டுகளைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது.

காசிலிருந்தே தொடங்குகிறேன். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு, ஒரு ரோமப் பவுண்டு எடை வெள்ளிக்கு 84 காசு என்ற கணக்கில் அடிக்கப்பட்டது. ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம், கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ பவுண்டுக்கு 96 என்று ஆக்கி, வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். இதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. கொங்குப் பகுதிப் புதையல்களில் குவியலாகக் கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். நீரோ எடையைக் குறைத்தபின் அடித்த வெள்ளிக் காசு அரிதாகவே கிடைக்கிறது. 215-ல் பேரரசர் கரகல்லா புதுக் காசு ஒன்றை விட்டார். மதிப்பு இரண்டு தெனாரியஸ், எடையோ ஒன்றரைதான். 260-களின் கடைசியில் அந்தக் காசில் வெள்ளி 5 சதவீதம்கூட இல்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்தாலே தெரியும்: பேரரசரின் மூக்கு, கன்னம், கிரீடத்தின் முனை என்று மேடான இடங்களில் எல்லாம் பூச்சு தேய்ந்து செம்பு தெரியும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் வெள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

விலைவாசி தாறுமாறாக ஏறியது. 301-ல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைகளுக்கு உச்சவரம்பு விதித்தும் பலிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் என்ற பொற்காசு, பவுண்டுக்கு 72, சுமார் 4.5 கிராம், நிலைத்து நின்றது. 476-ல் மேற்கு விழுந்தபோதும் சாலிடஸின் மாற்று குறையவில்லை. கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பேரரசின் கிழக்குப் பாதியில் 11-ஆம் நூற்றாண்டு வரை அது நம்பகமான காசாகவே புழங்கியது. அப்படியானால் கலப்படக் காசு மேற்கை எப்படிச் சாய்த்திருக்கும்?

மேற்கைச் சாய்த்தது ஆப்பிரிக்காவின் இழப்பு. இன்றைய துனிசியாவும் அதை ஒட்டிய அல்ஜீரியாவும் அன்று ரோம் நகரத்துக்குத் தானியமும் ஆலிவ் எண்ணெயும் கப்பல் கப்பலாக அனுப்பிய நிலம். எல்லைப் போர்கள் பெரிதாகத் தொடாததால் வரியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 406-ல் ரைன் நதியைக் கடந்து வந்த கூட்டத்தாரால் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) மாகாணங்களும் ஹிஸ்பானியாவும் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) சூறையாடப்பட்டபின், படைச் சம்பளத்துக்கு அரசு பெரிதும் நம்பியிருந்தது இந்த ஆப்பிரிக்காவைத்தான். 429-ல், அந்தக் கூட்டத்தாரில் ஒரு பிரிவினரான வாண்டல்களின் அரசர் கெய்செரிக் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டினார். 439 அக்டோபரில், இன்றைய துனிசியாவில் இருந்த ஆப்பிரிக்கத் தலைநகர் கார்த்தேஜ் அவர் கைக்குப் போயிற்று.

அதன் விளைவு அடுத்து வந்த சட்டங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. 440-களின் நடுவில் மேற்குப் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் விற்பனைக்குப் புதுவரி போட்டார்: ஒரு சாலிடஸுக்கு 24-ல் ஒரு பங்கு. புதிதாகச் சேர்க்கும் வீரர்களுக்கு மட்டுமல்ல, இருக்கிற படைக்கே சோறும் துணியும் கொடுக்க முடியவில்லை என்று அந்தச் சட்டமே வாய்விட்டுச் சொல்கிறது. 442-ல் கெய்செரிக்குடன் செய்த ஒப்பந்தத்தில் திரும்பக் கிடைத்த நுமிடியா என்ற ஆப்பிரிக்க மாகாணம் நொடித்துக் கிடந்ததால், 445-ல் அதன் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியதாயிற்று. வரி குறைந்தால் படை குறையும்; படை குறைந்தால் இன்னொரு மாகாணம் போகும்; அதோடு அதன் வரியும் போகும். மேற்கால் கடைசிவரை இந்தச் சுழலிலிருந்து மீள முடியவில்லை.

ஆப்பிரிக்காவை மீட்காமல் பிழைப்பில்லை என்பது அன்றைய ஆட்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 441-ல் சிசிலி வரை வந்த கிழக்குக் கடற்படை, டானூப் எல்லையில் ஹூணர்கள் தாக்கியதால் திரும்பிப் போனது. 460-ல் மேற்குப் பேரரசர் மஜோரியன் திரட்டிய கப்பல்கள் ஹிஸ்பானியக் கரையிலேயே பறிபோயின. 468-ல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து, கிழக்குத் தளபதி பசிலிஸ்கஸ் தலைமையில் பெரும் கடற்படையை அனுப்பின. அது கார்த்தேஜுக்கு அருகே நங்கூரமிட்டதும், யோசிக்க ஐந்து நாள் அவகாசம் வேண்டும் என்றார் கெய்செரிக். பசிலிஸ்கஸும் கொடுத்தார். கெய்செரிக் காத்திருந்தது காற்றுக்காக. காற்று திசை மாறியதும், ஆளில்லாப் படகுகளை இழுத்துவந்து தீ வைத்துப் பாய் விரித்துவிட்டார். நெருக்கியடித்து நின்ற கப்பல்களால் விலகவும் முடியவில்லை. எரியும் படகுகளைக் கழிகளால் தள்ளிப் பார்த்தும் பலனில்லை. மேற்குப் பேரரசு எரிந்துபோனது அந்தத் தீயில்தான் என்பேன்.

476 அதற்குப் பிந்திய கணக்குத் தீர்ப்பு. இத்தாலியில் இருந்த படைவீரர்கள் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். ஆட்சியைக் கையில் வைத்திருந்த தளபதி ஒரெஸ்டெஸ் மறுத்தார். அந்த வீரர்களின் தலைவர் ஒடோவாக்கர் ஒரெஸ்டெஸைக் கொன்று, அவர் மகனும் பேரரசருமான ரோமுலஸை அரியணையிலிருந்து இறக்கினார். சம்பளம் ஒழுங்காகக் கிடைத்த படை நிலத்தைக் கேட்டிருக்குமா?

கிழக்கு ஏன் தப்பியது என்று கட்டுரை கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறது. எகிப்து, சிரியா, சிற்றாசியா ஆகிய வரி தரும் நிலங்கள், கான்ஸ்டான்டினோபிளின் மதிலுக்கும் கடலுக்கும் பின்னால் பத்திரமாக இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த எந்தக் கூட்டமும் அவற்றைத் தொட முடியவில்லை.

கட்டுரையோடு வெளியிட்ட வரைபடத்தில் ரோம், ரவென்னா, மிலன் எல்லாம் இருக்கின்றன. கார்த்தேஜுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த பகுதியில் தயவுசெய்து அதைச் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கரூர்