பிறை இரும்புக் கிடங்குகளுக்கு ஒரு கதிர் அளவி வேண்டும்

கதிரியக்கப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில், ஒரு பழைய இரும்புக் கிடங்கில் என் தம்பி கேஸ் வெட்டு வேலை செய்கிறான். அண்மையில் வந்த ஒரு லோரிச் சுமையில் கறுத்த உலோகத் துண்டு ஒன்று கிடந்தது. கையளவுதான், ஈயத்தைவிடக் கனம். அறுத்தபோது தீப்பொறி கொட்டியது. என்ன உலோகம் என்று கேட்டவனுக்குக் கிடங்கில் பதில் இல்லை. நாங்கள் தொலைபேசியில் சொன்ன அலுவலகத்திலிருந்தும் யாரும் வரவில்லை. துண்டும் போய்விட்டது.

அது வேறு ஏதோ கலப்பு உலோகமாக இருந்திருக்கலாம். செறிவு குறைந்த யுரேனியமாகவும் இருந்திருக்கலாம். அணு எரிபொருளுக்கு வேண்டிய யுரேனியம்-235-ஐப் பெரும்பாலும் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் அந்த உலோகத்தைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ஈயத்தைப்போல 1.7 மடங்கு அடர்த்தி. டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளை இதில் செய்கிறார்கள். கவசத்தில் மோதும்போது டங்ஸ்டன் குண்டின் முனை மழுங்கிவிடும். யுரேனியக் குண்டின் முனையோ உதிர உதிரக் கூராகிக்கொண்டே உள்ளே இறங்கும். உதிர்ந்த துகள்கள் காற்றுப் பட்டு எரியும். இது அணுகுண்டு இல்லை. எரிந்தபின் மிஞ்சும் ஆக்சைடு தூள்தான் ஆபத்து. அதன் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. ஆனால் மூச்சோடு உள்ளே போன தூள் நுரையீரலில் தங்கிவிடும். கரைந்த பகுதி நச்சு உலோகமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

1991 வளைகுடாப் போரில் ஏறக்குறைய 300 டன், 1999-இல் கொசோவோவில் சுமார் 10 டன் இப்படிச் சுடப்பட்டது. கொசோவோவில் ஐ.நா. சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் மண்ணைச் சோதித்தபோது, குண்டு பாய்ந்த இடங்களை ஒட்டியே மாசு இருந்தது. ஊரே நஞ்சாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபட்ட வண்டியை அறுக்கிறவனுக்கு அந்த இடம்தானே வேலையிடம்? போர்க்களத்து இரும்புதான் வர வேண்டும் என்றுமில்லை. எண்ணெய்க் குழாய்ப் பற்றவைப்பைப் படமெடுக்கும் கதிர்க் கருவிகள் சிலவற்றின் கவசமும், சில பழைய விமானங்களின் சமன் எடைகளும் இதே உலோகம்தான்.

தம்பிக்குக் கொடுத்திருப்பது துணி முகக்கவசம். கிடங்கில் குளிக்க இடம் கிடையாது. அதே சட்டையோடு வீட்டுக்கு வருவான், மனைவி உதறித் துவைப்பாள். இப்போது வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டி வைக்கிறான். ஓடிவரும் மகளைக் குளிக்கும்வரை தொடுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏனென்று எப்படிச் சொல்வது? அழுகிறாள். அந்தத் துண்டின் மேல் ஓர் அளவியை ஒரு நிமிடம் காட்டியிருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு கிடங்கிலும் கையில் பிடிக்கும் அளவி ஒன்று இருக்கட்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் இருக்கட்டும். நுழைவாயில் கருவி போதும் என்று சொல்லாதீர்கள். அது காமா கதிரைத் தேடுவது. இந்த உலோகத்தின் காமா பலவீனமானது, இரும்புக் குவியலுக்குள் புதைந்தால் தப்பிவிடும்.

நம் நாட்டில் அணுசக்தி உரிமச் சட்டம் 1984-இலேயே வந்துவிட்டது. தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் கழிவை எதிர்த்துப் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2000-இல் பக்கத்துத் தாய்லாந்தில், பழைய இரும்போடு வந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் மூன்று உயிர்களைக் குடித்தது. இன்னும் எத்தனை பேர் போனால் தொழிலாளி கைக்கு ஒரு கருவி வரும்?

கோபம் முந்திக்கொண்டது, பொறுத்தருளுங்கள். அளவியைக் கட்டாயமாக்குங்கள் என்று பணிவோடு மீண்டும் கேட்கிறோம். அதுவரை, சிறுநீரில் யுரேனியம் உண்டா என்று பார்க்கத் தம்பியை எங்கே அழைத்துப் போவது என்பதையாவது எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓர் அண்ணன்