கண்மாய் வேலைகளைப் பறவைகள் குஞ்சு பொரித்துப் பறந்தபின் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
அழகர்மலை அடிவாரக் கண்மாய்ப் பாசன விவசாயிகள் மற்றும் கிராமப் பொதுமக்கள்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: மழைக்காலம் தள்ளிப்போவதால் கண்மாய்ப் பறவைகளின் கூடு கட்டும் காலமும் தள்ளிப்போவது – மர ஏலம், தூர்வாருதல், மடை திறப்பு ஆகியவற்றை அதற்கேற்ப மாற்றி அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் அழகர்மலைக்குக் கிழக்கே உள்ள மானாவாரிக் கண்மாய்களை நம்பி விவசாயம் செய்கிறவர்கள். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டாது. மலை ஓடைகளில் இறங்கி வருவதுதான் எங்களுக்குத் தண்ணீர். கண்மாய் நிறைந்தால் எங்களுக்கு ஒரு போகம், பறவைகளுக்கு ஒரு ஈடு குஞ்சு. இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நடக்கிறது.

ஐப்பசியில் அடைமழை பெய்து, கார்த்திகைக்குள் கண்மாய் நிறைந்து மறுகால் போகும். உள்ளே தண்ணீரில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் வரை நரியும் காட்டுப்பூனையும் மரத்தை அணுகாது. நாரைக்குத் தீனியான நத்தையும் அந்தத் தண்ணீரில்தான் கிடைக்கும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கிற வரை நாரைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. எல்லாப் பறவையும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை என்பதால், மரங்கள் முழுவதும் காலியாக இன்னும் சில வாரங்கள் கூடும். மழை நேரத்துக்கு வந்த காலத்தில் மாசிக்குள் குஞ்செல்லாம் இறகு முளைத்துப் பறந்துவிடும். அதன்பின் கண்மாய் வற்றினாலும் யாருக்கும் நட்டமில்லை.

இப்போது அந்த ஒழுங்கு கெட்டுவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்று அறிவியல் சொல்கிறது. அதனால் மழை பல நாள் பரவலாகப் பெய்வதற்குப் பதில், காத்திருந்து ஒரே நாளில் கொட்டுவது கூடுகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டையும் தாங்கள் அறிவீர்கள். கொட்டுகிற மழை ஓடையில் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது, நின்று நிறைப்பதில்லை. கண்மாய் பெருக மார்கழி வந்துவிட்டால் நாரையும் அப்போதுதான் கூடு கட்டத் தொடங்குகிறது. அதன் குஞ்சு பறக்க மார்ச் மாதம் கடந்துவிடும்.

இங்கேதான் அரசு வேலைகளின் கணக்கு குறுக்கே வருகிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவைக் காட்ட வேண்டும், வருவாயை வரவு வைக்க வேண்டும் என்பதால் மர ஏலம், கரைவேலை, தூர்வாருதல் எல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நெருக்கியடித்து வருகின்றன. மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவரும் அதே நேரத்தில் மீனை எளிதாக அள்ளுவதற்காக மடையைத் திறந்து தண்ணீரைக் குறைக்கிறார். சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் கூட்டோடு மரத்தை வெட்டினார்கள். இறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்ததை ஊரே பார்த்தது. சீமைக்கருவேலத்தை அகற்றத்தான் அனுமதி என்றார்கள். விழுந்தவற்றில் நாட்டுக் கருவேலமும் இருந்தது. இரண்டையும் பிரித்து அறியாத ஆள் கையில் ரம்பத்தைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? இந்தத் துறை, அந்த ஒப்பந்ததாரர் என்று யாரையும் குற்றம் சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் அழிப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

கண்மாயோடு இது நிற்கவில்லை. கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால், மண்ணுக்குள் கிடந்த தவளை வெளியே வந்து குட்டையில் முட்டையிட்டுவிடுகிறது. அடுத்த மழை தொடராவிட்டால் வெயிலில் குட்டை காய்ந்து, தலைப்பிரட்டை கால் முளைக்கும் முன்பே செத்துப்போகிறது. தவளை குறைந்தால் வயலில் பூச்சி கூடும், மருந்துச் செலவு எங்கள் தலையில் விழும். மலை ஓடைகள் வற்றும்போது காட்டுமாடும் புள்ளிமானும் தோட்டங்களுக்கு இறங்குகின்றன. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளில் விழுகின்றன, நாய்களிடம் சிக்குகின்றன. மயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விதைத்த நிலக்கடலையைக் கிளறிவிடுவதால் எங்களுக்கும் அதன்மேல் கோபம் உண்டு. ஆனாலும் காட்டில் இரையும் தண்ணீரும் இருந்தால் இவற்றில் பாதி எங்கள் வரப்புக்கு வராது என்பதே எங்கள் எண்ணம்.

எனவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். கண்மாயில் மரம் வெட்டுவது, தூர்வாருவது, வண்டல் எடுப்பது எதுவானாலும் அதற்கு முன் வனத்துறை ஊழியர் ஒருவரும் ஊர்க்காரர் ஒருவரும் சேர்ந்து மரங்களைப் பார்வையிட்டு, கூடு காலி என்று எழுதிக் கொடுத்தபின்தான் பணி தொடங்க வேண்டும். குறிப்பிட்ட தேதி ஒன்றை எழுதி வைத்தால், மழை தள்ளிப்போன ஆண்டில் அது பயன்படாது. நிதியாண்டு முடிகிறதே என்றால், தொகையை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். மீன்பாசி குத்தகை உத்தரவில், கூடு இருக்கும் வரை மடை திறந்து தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பாசனத்துக்கான திறப்பைத் தடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. வயலுக்குப் போக, கூடு மரங்களைச் சுற்றியுள்ள ஆழமான பகுதியில் தண்ணீர் நின்றால் போதும். எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழாவே பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றியபின்தான் நடக்கும். ஊரே பொறுத்திருக்கிறது, குத்தகைதாரரும் பொறுக்கலாம்.

மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்குத் தாங்களே தலைமை வகிக்கிறீர்கள், மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. கண்மாய் நிறைந்த நாள், முதல் கூடு கண்ட நாள், குஞ்சு பறந்த நாள், இலுப்பை பூத்த நாள் ஆகியவற்றை அந்தக் குழுவின் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் ஆண்டுதோறும் எழுதி வைத்தால், எந்த வேலையை எப்போது செய்யலாம் என்று முடிவெடுக்க அதிகாரிகளுக்கே உதவும். எழுதித் தர எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அப்புறம், அடிவாரத்தில் திறந்து கிடக்கும் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டவும், காட்டுக்குள் உள்ள தொட்டிகளில் தை மாதம் முதலே தண்ணீர் நிரப்பவும் ஆவன செய்ய வேண்டும்.

ஊர் மக்கள் ஒத்துழைப்பார்களா என்ற ஐயம் வேண்டாம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், 1977இல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மலையையும் கண்மாயையும் காப்பதில் மக்கள் எப்படி நின்றார்கள் என்பதும் தங்களுக்குத் தெரியும்.

வரும் மர ஏல அறிவிப்புக்கு முன்பாக நீர்வளத் துறை, வனத்துறை, ஊரக வளர்ச்சித் துறை, மீன்வளத் துறை அலுவலர்களையும் எங்களையும் ஒரு நாள் ஒன்றாக அழைத்துப் பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்மாய்ப் பாசன விவசாயிகள் மற்றும் கிராமப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கண்மாய்ப் புகைப்படங்கள்.

நகல்: மாவட்ட வன அலுவலர், மதுரை, செயற்பொறியாளர், நீர்வளத் துறை, மதுரை, வட்டாட்சியர், மேலூர்.