அந்தத் தாலியை அவள் கேட்டாளா?

அன்புள்ள மருமகளே,

ஒரு சீரியலில் வசனம் எழுதும் டீமில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ 'சரி அத்தை, சரி அத்தை' என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் ஊரறிய இங்கேயே எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரே ஒரு கோரிக்கை. கட்டாயத் தாலி சீன் மட்டும் எழுதாதே.

உனக்குத் தெரியாததா? மண்டபம், கெட்டிமேளம், மணமேடையில் வேறொரு மாப்பிள்ளை. எங்கிருந்தோ ஹீரோ பாய்ந்து வருவான். அண்ணனைப் பழிவாங்கவோ, சவாலில் ஜெயிக்கவோ, அம்மாவின் உயிரைக் காப்பாற்றவோ அவள் கழுத்தில் கட்டிவிடுவான். இடி இடிக்கும். அப்பா முகம், சித்தி முகம், பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்தவர் முகம் என்று ஒவ்வொன்றின் மேலும் கேமரா மூன்று தடவை பாயும். எல்லோரையும் காட்டி முடித்த பிறகுதான் அவள் முகத்துக்கு முறை வரும். அவள் வாயைத் திறப்பதற்குள் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் அவன் வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

இது ஏன் அலுக்காமல் வருகிறது? வியாழக்கிழமை வரும் டி.ஆர்.பி.க்காகத்தான் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டியும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது காதலைக் காட்ட ஒரு லைசென்ஸ் வேண்டியிருக்கிறது. ஒருத்தி தானாகவே ஒருவனைப் பார்த்து ஆசைப்பட்டால் 'குடும்பப் பொண்ணு' பட்டம் போய்விடும். தாலி ஏறிவிட்டால் அந்தக் கவலை இல்லை. அவள் ஈரத் தரையில் வழுக்கி விழலாம், அவன் தாங்கிப் பிடிக்கலாம், ஸ்லோ மோஷனில் தலைமுடி பறக்கலாம். ஒப்பந்தக் கல்யாணக் கதையும் இதே வித்தைதான். ஒரே அறை, அவளுக்குக் கட்டில், அவனுக்குத் தரை, ராத்திரி பூராவும் ஓடாத ஃபேன். ஆசைப்பட்ட பழி அவள் மேல் விழாமலே காதல் நடந்து முடிந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு விலையாக, மண்டபத்தில் அவன் செய்த அக்கிரமம் முன்னூறாவது எபிசோடில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நினைத்துப் பார்க்கும் ஃப்ளாஷ்பேக் ஆகிவிடுகிறதே!

ஜனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2011-ல் 'சரவணன் மீனாட்சி' தொடங்கியபோது வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தது ஒருவரையொருவர் பிடித்துப்போன இரண்டு பேரைத்தான். நடித்த செந்திலும் ஸ்ரீஜாவும் பிறகு நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கும் முன்னால், 2003-ல் வந்த 'கோலங்கள்'. தேவயானி நடித்த அபி, பேராசை பிடித்த புருஷனை விட்டு வெளியே வந்து, சொந்தக் காலில் நின்று தொழில் செய்தாள். தொல்காப்பியன் என்பவனோடு அவளுக்கு இருந்த நட்பை உன் பாட்டியே ஏற்றுக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள். ஆறு வருஷம் ஓடிய தொடர் அது. 'பாக்கியலட்சுமி'யின் மூலக்கதை வங்காளத்திலிருந்து வந்தது. பழைய காதலியைத் தேடிப்போன புருஷன் கோபியை விட்டுவிட்டு, பாக்கியா சமையலையே தொழிலாக்கிக்கொண்டாள். அதையும் நம் வீடுகளில் பார்த்தார்கள்.

'பாரதி கண்ணம்மா' வேறு கதை. டாக்டராக இருக்கும் ஹீரோ, பெண்டாட்டி கண்ணம்மா வயிற்றில் வளர்வது தன் குழந்தைதானா என்று, ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகத்தை வருஷக்கணக்கில் சுமந்து திரிந்தான். கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை வைத்து மீம் போடாத ஆளில்லை. எனக்கும் நாலைந்து வந்தது, சிரித்தேன். அந்தக் கதையைப் பற்றி அவ்வளவு போதும்.

கட்டாயத் தாலிக்கே வருகிறேன். இது தமிழ்நாட்டில் நடக்கிற கதை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. உறவும் நட்பும் கூடியிருக்க, இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே கல்யாணம் செல்லும், தாலி கட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று அண்ணா ஆட்சியில் 1967-லேயே சட்டம் போட்ட ஊர் இது. அது போக, இந்துத் திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பலவந்தமாகவோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கி நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் பலவந்தம் நீங்கி ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். நடுவில் அவள் மனமொத்துச் சேர்ந்து வாழ்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இந்த ஒரு வருஷத்தை வைத்து நீ எவ்வளவு எழுதலாம், யோசித்துப் பார். மண்டபத்திலேயே அவள் தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கட்டும். "கழுத்துல ஏறிடுச்சேம்மா, பேசித் தீர்த்துக்கங்க" என்பார் இன்ஸ்பெக்டர். அப்பாவுக்கு மானம் போச்சு, அம்மாவுக்கு அடுத்த பெண்ணின் கவலை. மாமியார்க்காரி மட்டும் வக்கீல் தம்பியிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, 'கொஞ்ச நாள் பொறும்மா' என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு வருஷத்தைக் கடத்தப் பார்ப்பாள். ஹீரோ திருந்துகிறானா? திருந்தட்டும், மன்னிப்பும் கேட்கட்டும். அதற்காக அவள் அவனையே கட்டிக்கொள்ள வேண்டும் என்று இல்லையே. அவள் கேஸை நடத்தும் வக்கீலின் ஆபீசில் ஜூனியராக இருக்கும் பையனை அவளுக்குப் பிடித்துப்போகலாம். அதையும் அவளே வாயைத் திறந்து சொல்லட்டும்.

நூறு எபிசோடுக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன். டீமில் சொல்லிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அத்தை