காவாங்கரை ஸ்டாப்பிங்

அன்புள்ள செல்வா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் ஜெயில் ஆபீஸில் ஒருவர் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும். மூன்று வருஷமாகத் தெருவுக்கு மறைத்தாயிற்று, இனி யாருக்கு மறைக்க?

வெள்ளிக்கிழமை விடுதலை என்று உங்கம்மா ஜெயிலில் மனு போட்டு உன்னைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நேரில் பேசினால் நான் பாதியில் கத்திவிடுவேன், நீ தலையைக் குனிந்துகொள்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்துக் கணக்கு. கேஸ் நடந்தவரை கோர்ட்டுக்கு வந்தேன். தண்டனை ஆன பிறகு எட்டு மாதம் மனுவுக்கு வரவே இல்லை. அப்பாவுக்கு முட்டி வலி என்று உங்கம்மா சொல்லியிருப்பாள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. 242-இல் பதினோரு வருஷம் கண்டக்டராகப் போனவன் நான். காவாங்கரையில் யார் ஜெயிலுக்கு இறங்குவார்கள் என்று ஏறும்போதே தெரியும். துணிப்பை, அதில் பிஸ்கட், வாழைப்பழம், கையில் மடித்த ஆதார் நகல். "காவாங்கரை ஒண்ணு" என்று அடங்கிய குரலில் கேட்பார்கள். ஜெயில் என்ற வார்த்தை வாயில் வராது. நான் வேண்டுமென்றே, "புழல் ஜெயில் எல்லாம் இறங்கு" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தி விசில் அடிப்பேன். டிரைவர் சிரிப்பார். அதே பையோடு நானே இறங்க வேண்டிய நாள் வந்தபோது கால் வரவில்லை.

ஒரு தடவை வாசல் வரை வந்தேன். கைதிகள் செய்த சாமான் விற்கிற கடையில் ஒரு பன் வாங்கி, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். உன்னை பேக்கரி வேலையில் போட்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்கம்மா ஒரு மனுவையும் விடவில்லை. 2021-லிருந்து சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால் மட்டும் இல்லை, டிக்கெட் இருந்தாலும் வந்திருப்பாள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. முதல் தடவை நீ பிடிபட்டாயே, நாலு பொட்டலத்தோடு. கஞ்சா ஒரு கிலோ வரை சின்ன அளவு, தண்டனை அதிகபட்சம் ஒரு வருஷம். அதே 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவன் சின்ன அளவோடு பிடிபட்டு, தானாகவே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுசாக முடித்தால் அந்த வழக்கிலிருந்து அவனை விட்டுவிடலாம். நம் வக்கீல் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் வேறு வழி உண்டா என்று கேட்கவில்லை. சிகிச்சை என்றால் ஊருக்குத் தெரியும், அபராதம் கட்டினால் தெரியாது. என் புத்தி அவ்வளவுதான் ஓடியது. கட்டிவிட்டுக் கூட்டிவந்தேன். நீ மறுபடியும் வலி மாத்திரையைக் கரைத்துப் போடுகிற அந்த ஊசிக்குப் போனாய், அந்த மாத்திரைக்காக வீட்டு சிலிண்டரைக்கூட விற்றாய். அப்புறம் எவனோ ஒருத்தனுக்காகச் சுமந்த 1 கிலோ 400 கிராம். கிலோவைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போடலாம். உனக்கு மூன்றோடு விட்டார்கள். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் வந்தால், கைதிகளை முன்கூட்டி விடுகிற செய்தி இருக்கிறதா என்று உங்கம்மா பேப்பரை வரி விடாமல் பார்ப்பாள். இந்தச் சட்டத்தில் தண்டனைக் குறைப்பே கிடையாது என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. விசாரணையில் இருந்த ஏழு மாதத்தைக் கழித்தார்களே, அதுதான் நமக்குக் கிடைத்த சலுகை.

போன வருஷத்திலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு மறுவாழ்வு மையத்தில் குடும்பத்தார் கூட்டத்துக்குப் போகிறேன். முதல் நாள் செருப்பைக் கழற்றவே பத்து நிமிஷம் ஆயிற்று. அங்கே கவுன்சிலிங் செய்கிற அம்மா ஒன்று சொன்னார். அதைக் கவனமாகப் படி. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மனசு மட்டும் பழைய அளவை ஞாபகம் வைத்திருக்கும். அந்த நினைப்பில் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெயிலிலிருந்து வந்தவர்களைக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார்களாம். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் செத்துப்போகும் வாய்ப்பு மற்ற ஜனங்களைவிட 12 மடங்குக்கும் மேல். அதிகம் பேரைக் கொண்டுபோனது போதைதான். அதைக் கேட்டதிலிருந்து வெள்ளிக்கிழமையை நினைத்தால் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வருகிறது.

அதனால் ஒரே ஒரு உத்தரவு போடுகிறேன். நழுவிவிட்டால் தனியாக இருக்காதே, என்னை எழுப்பு. அடிக்க மாட்டேன், கேள்வி கேட்க மாட்டேன், 108-ஐக் கூப்பிடுவேன். நாலக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. நேரத்துக்குக் கொடுத்தால் நின்ற மூச்சு திரும்பும். பாத்ரூம் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன். உன் தங்கச்சி என்னைத் திட்டாத நாள் இல்லை. இப்போது யார் உள்ளே போனாலும் பாட்டுப் பாடியாக வேண்டும். உங்கம்மா கந்த சஷ்டி கவசம்.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டீர்கள் என்று நீதான் சொன்னாய். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் பயப்படாதே. பெரும்பாலும் 12 வாரம் மாத்திரையில் குணமாகிவிடுகிறது, அரசாங்கத் திட்டத்தில் இலவசம். மாத்திரை என்றதும் சிரிக்காதே.

வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் பட்டறையில் கேட்டேன். இரண்டு இடத்திலும் உண்மையைச் சொன்னேன். முதல் ஆள் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள், "ஐ.டி.ஐ. ஃபிட்டர்தானே, கை நடுங்குதா?" என்று மட்டும் கேட்டார். இப்போது நடுங்காது என்றேன். ரத்த ரிசல்ட் வந்ததும் போய்ப் பார். சம்பளம் உன் கையில்தான், நான் கேட்க மாட்டேன். ஆனால் வீட்டில் பீரோ பூட்டித்தான் இருக்கும், சாவி உங்கம்மா இடுப்பில். உனக்குக் கஷ்டமாக இருக்கும். எங்களுக்கும்தான். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

தெருவில் உன்னை சூரத்துக்கு மில் வேலைக்கு அனுப்பிவைத்திருந்தேன், தெரியுமல்லவா? மாடி வீட்டு வாத்தியார் ஒருநாள், "சூரத்தில் வெள்ளமாமே, பையன் எப்படி இருக்கான்?" என்றார். முட்டி அளவுத் தண்ணியாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் மனசு கேட்காமல் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும்யா, அன்னிக்கே பேப்பர்ல வந்துச்சு" என்றார். மூன்று வருஷமாக என் மானம் போகக் கூடாதென்று அந்த மனுஷன் சூரத் மழையை விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே வாசலுக்கு வந்துவிடுவேன். ஆட்டோ வேண்டாம், 242-இல் வருவோம். எனக்கு பாஸ் இருக்கிறது. உனக்கு நான்தான் டிக்கெட் எடுப்பேன், "புழல் ஜெயில்லேர்ந்து மூலக்கடை ஒண்ணு" என்று, கண்டக்டருக்குக் காது கேட்கிற மாதிரி.

நீலக் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். பழைய பேண்ட் உனக்கு இடுப்பில் நிற்காதாம். என் பெல்ட் ஒன்று எடுத்துவருகிறேன்.

அப்பா