பழைய பேட்டரிக்கும் ஒரு பெட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று கழித்துக்கட்டும் லித்தியம் பேட்டரிக்கு எஸ்டபிள்யூ 103 என்று குறியீடே உண்டு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (அபாயமானதென்று சட்டம் பட்டியலிட்ட கழிவு) விதிமுறைகளின்படி அத்தகைய கழிவை 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்க முடியாது. அதே பேட்டரி பவர் பேங்க், வேப் (மின்சிகரெட்) என்று அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டால், கடைசியில் மீன் செதிலோடு ஒரே பையில் போகிறது.

குப்பை லோரி அமுக்கும்போதுதான் வினை. பேட்டரிக்குள் இரண்டு மின்தகடுகளையும் பிரித்து வைப்பது 25 மைக்ரோன்கூடத் தேறாத பிளாஸ்டிக் ஏடு. அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சூட்டில் உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகித் தீப்பிடிக்கும், நச்சுப் புகையும் வரும். தூள் தீயணைப்பான் சுடரை அடக்கினாலும் சூடு தணியாது, மறுபடி பற்றும். தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது உலோக லித்தியத்துக்குப் பொருந்தும். கைப்பேசி பேட்டரி எரிந்தால், சார்ஜரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுவதே சரி.

வீசும் முன் சார்ஜை இயன்றவரை தீர்த்துவிடுங்கள்; சார்ஜ் குறைந்தால் தீயின் வேகமும் குறையும். முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனிப் பையில் போடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்திக் காற்று இறக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. அதற்குச் சார்ஜும் ஏற்றாதீர்கள். உலர்ந்த மணல் போட்ட தகர டின்னில் வீட்டுக்கு வெளியே, நிழலில் வையுங்கள்.

பினாங்கில் 2016 ஜூன் 1 முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். தாளும் டின்னும் பிரிக்கப் பழகினோம். பேட்டரியை மட்டும் எங்கே போடுவதென்று தெரியாமல் மேசை டிராயரில் சேர்க்கிறோம். சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல், மின்பொருள் விற்கும் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் பழையதைத் திரும்பப் பெறப் பெட்டி வைத்தாக வேண்டும். இங்கே கைப்பேசிக் கடைகளிலும் அடுக்குமாடி நிர்வாக அலுவலகங்களிலும் மாநகர் மன்றம் அதைக் கட்டாயமாக்கலாம். மூடியுள்ள இரும்புப் பெட்டி, பக்கத்தில் மணல் வாளி, மாதம் ஒருமுறை காலி செய்ய ஆள். படிக்கட்டின் கீழ் மட்டும் வேண்டாம். தீப்பிடித்தால் ஆட்கள் இறங்கும் வழி அதுதான்.

வேப் பிடிப்பவர்கள் பெட்டியைத் தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் விலையோடு 5 ரிங்கிட் முன்பணம் வாங்கி, காலிக் கருவியைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், கெலுகோர், பினாங்கு