தாக்கல் செய்யாமலே ‘முடிந்தது’ என்று சொன்னது பற்றிய புகார்

நாள்: 12 மே 2025

அனுப்புநர்:
இயக்குநர் (நிறுவனத்தின் பெயரும் சிஐஎன் (நிறுவன அடையாள) எண்ணும் லெட்டர்ஹெட்டில் உள்ளபடி),
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பதிவு அலுவலக மாற்றம் (ஐஎன்சி-22 படிவம்), இயக்குநர் மாற்றம் (டிஐஆர்-12 படிவம்) ஆகியவற்றைத் தாக்கல் செய்யாமல் விட்டது, பணத்தையும் டிஎஸ்சி (மின்னணுக் கையெழுத்து) டோக்கனையும் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கணபதியில் இருந்த அலுவலகத்தை ஆவாரம்பாளையத்துக்கு மாற்றினோம். அதே சமயம் 73 வயதான என் அப்பா இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் இடத்துக்கு என் தங்கை வந்தார். தங்கைக்கு ஏற்கெனவே டின் (இயக்குநர் அடையாள) எண் இருந்ததால் அதில் ஒரு வேலையும் இல்லை. இரண்டு மாற்றங்களுக்கும் 2025 பிப்ரவரி 3 அன்று போர்டு மீட்டிங்கில் தீர்மானம் போட்டோம். இரண்டையும் 30 நாளுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதாவது மார்ச் 5க்குள். இந்தக் கணக்கை எனக்கு முதலில் சொன்னதே உங்கள் விற்பனைப் பிரிவுதான். “கெடு தப்பினால் அபராதம் சார்” என்று பயமுறுத்தித்தான், படிவங்களைத் தாக்கல் செய்து தரும் உங்கள் பேக்கேஜை விற்றீர்கள்.

கேட்ட காகிதம் எல்லாம் பிப்ரவரி 10க்குள் கொடுத்துவிட்டேன். வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத கரண்ட் பில், அப்பாவின் விலகல் கடிதம், இயக்குநராகத் தங்கையின் டிஐஆர்-2 சம்மதம். அலுவலகத்தின் வெளித்தோற்றப் படம் ஒன்று, உள்ளே இயக்குநர் இருக்கும் படம் ஒன்று வேண்டும் என்றீர்கள். அன்றைக்கு மேஜை நாற்காலிகூட வந்து சேரவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 18 அன்று உங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் இரண்டு எஸ்ஆர்என் (சேவைக் கோரிக்கை) எண்களை அனுப்பி, “ஃபைலிங் டன் சார்” என்று கும்பிடும் கை ஒன்றையும் போட்டார். நானும் நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 21 அன்று வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) புதுப்பிக்கும் சமயம். ஜிஎஸ்டி சான்றிதழில் ஆவாரம்பாளையம், எம்சிஏ (நிறுவன விவகார அமைச்சகம்) மாஸ்டர் டேட்டாவில் கணபதி, எது சரி என்று கேட்டார்கள். ஜிஎஸ்டி திருத்தத்தை நானே போர்ட்டலில் உட்கார்ந்து 15 நாள் கெடுவுக்குள் போட்டிருந்தேன். உங்களிடம் விட்டதுதான் நகரவில்லை. அதைவிட மோசம், அப்பா இன்னும் இயக்குநராகவே இருந்தார், தங்கையின் பெயரே இல்லை. “அப்போ உங்கப்பா கையெழுத்து வேணும் சார்” என்றார் வங்கி மேலாளர். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடக்கும் மனிதரிடம், விலகி இரண்டரை மாதம் ஆன கம்பெனிக்காகக் கடன் பத்திரத்தை நீட்டச் சொன்னார்கள். நான் நீட்டவில்லை. ஓ.டி. மூன்று வாரம் தள்ளிப்போனது; வார்ப்படம் போடுகிறவருக்குச் சொன்ன தேதியில் பணம் தர முடியவில்லை.

உங்களைக் கேட்டால் “ப்ராசஸ்ல இருக்கு சார்” என்றீர்கள். உள்ளூரில் ஒரு கம்பெனிச் செயலரைப் பார்த்தேன். எஸ்ஆர்என் எண்ணைத் தட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: இரண்டுமே ரத்து. எம்சிஏ போர்ட்டலில் படிவத்தை நிரப்பியதும் எஸ்ஆர்என் வந்துவிடுமாம். அதன் பிறகுதான் பிடிஎஃப்பை இறக்கி, இயக்குநரின் டிஎஸ்சியும் சான்றளிக்கும் தொழில்முறையாளரின் டிஎஸ்சியும் போட்டு, மறுபடி ஏற்றி, பணம் கட்ட வேண்டும். 15 நாளுக்குள் அதைச் செய்யாவிட்டால் எண் ரத்தாகிவிடும். பிப்ரவரி 18க்குப் பிறகு 15 நாள் என்றால் மார்ச் 5. எங்கள் கெடுவும் அன்றைக்குத்தான். இரண்டையும் ஒரே நாளில் தவறவிட்டிருக்கிறீர்கள்.

ஆக, நீங்கள் எனக்கு அனுப்பியது டோக்கன் நம்பர். ரேஷன் கடையில் டோக்கன் வாங்கியவன் அரிசி வாங்கியதாகக் கணக்கு எழுத மாட்டான். பணம் கட்டிய சலான் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் எஸ்ஆர்என்னுக்கும் சலானுக்கும் வித்தியாசம் தெரியாததால்தானே உங்களுக்குப் பணம் கொடுத்தேன்?

ஏன் ஏற்றவில்லை என்பதற்கு இதுவரை இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். சி.எஸ். (கம்பெனிச் செயலர்) மேடத்தின் டிஎஸ்சி காலாவதியாகிவிட்டது என்பது ஒன்று. போர்ட்டல் மெதுவாக இருந்தது என்பது மற்றொன்று. போர்ட்டல் மெதுவாக இருக்கும் என்பது கோவையில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். அதற்காக 15 நாளும் மெதுவாகவா இருந்தது?

கடைசியில் அந்த உள்ளூர் கம்பெனிச் செயலரே ஏப்ரல் 28 அன்று இரண்டையும் தாக்கல் செய்தார். அதற்கும் ஓட்டம்தான். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முன்பு கொடுத்தது பழையதாகிவிட்டதால் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. கட்டட உரிமையாளரான அம்மையார் தன் மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தார். புதுத் தேதியிட்ட கடிதத்தில் கையெழுத்து வாங்க எங்கள் ஆள் ஒரு நாள் பஸ்ஸில் போய் வந்தார்.

தீர்மானத்திலிருந்து தாக்கலுக்கு 84 நாள். எங்கள் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சம், எனவே படிவத்துக்கு 400 ரூபாய்தான் கட்டணம். கெடு தாண்டி 54 நாள் ஆனதால் நாலு மடங்கு கூடுதல் கட்டணம், படிவத்துக்கு 1,600. இரண்டுக்கும் 3,200. தொகை சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடுதல் கட்டணம் கட்டியதோடு விஷயம் முடியவில்லை. நிறுவனச் சட்டம் 12ஆம் பிரிவில் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய், கம்பெனிக்குத் தனியாக, தவறிய அதிகாரிக்குத் தனியாக. சிறிய கம்பெனி என்பதால் 446பி பிரிவுப்படி பாதி என்று வைத்தாலும், முகவரிக்கு மட்டும் தலைக்கு 27,000 வருகிறது. நோட்டீஸ் வருமோ வராதோ, வந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்.

அப்புறம் எம்ஜிடி-14, அதாவது சிறப்புத் தீர்மானத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் படிவம். சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று சொல்லி அதற்கு 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கினீர்கள். கணபதியும் ஆவாரம்பாளையமும் ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன. ஊர் எல்லை தாண்டினால்தான் சிறப்புத் தீர்மானம். உள்ளேயே மாறினால் போர்டு தீர்மானம் போதும். இது கேட்டால்தான் தெரியும் என்ற ரகசியம் இல்லை, சட்டத்தில் அதே 12ஆம் பிரிவில் இருக்கிறது. தேவையில்லாத ஒன்றுக்குப் பணம் வாங்கி, அதையும் தாக்கல் செய்யவில்லை.

அதே பிரிவு, வாசலில் கம்பெனிப் பெயரும் முகவரியும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் பலகை எழுத பெயிண்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டு நாளில் எழுதிக் காயவைத்து மாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 23 அன்று தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், “எஸ்ஆர்என் ஜெனரேட் ஆனதால் சேவை முடிந்ததாகத்தான் கணக்கு, ரீஃபண்ட் இல்லை” என்றார். கம்பெனிக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது என்று கூடுதலாக ஒரு சட்ட ஆலோசனையும் தந்தார். அதற்குக் கட்டணம் கேட்காத வரையில் சரி. சிவில் நீதிமன்றம் இருக்கிறது, வக்கீலிடம் பேசிவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். பேக்கேஜ் தொகை ஜிஎஸ்டியோடு 8,850, எம்ஜிடி-14க்கு வாங்கிய 3,540, அரசுக் கட்டணம் என்று முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டாமல் உங்களிடமே இருக்கும் 1,200, நான் கட்டிய கூடுதல் கட்டணம் 3,200, ஆக மொத்தம் 16,790 ரூபாயை இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். காகிதங்கள் பிப்ரவரி 10க்குள் உங்களிடம் வந்தன, தாக்கல் செய்யாதது உங்கள் பக்கத் தவறு என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வேண்டும். நாளைக்குப் பதிவாளர் கேட்டால் காட்ட எனக்கு அது பணத்தைவிட முக்கியம்.

கடைசியாக அப்பாவின் டிஎஸ்சி டோக்கன். “பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்று ஜனவரியில் எங்கள் இருவரின் டோக்கன்களையும் வாங்கிக்கொண்டீர்கள். ஒருவர் கையெழுத்தே போதும் என்று இப்போதுதான் தெரிகிறது. மின்னணுக் கையெழுத்துக்கான தனிச் சாவியைத் (பிரைவேட் கீ) தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது உரியவரின் பொறுப்பு என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். கொடுத்தது என் தப்பு. நாலு முறை கூப்பிட்ட பிறகு என்னுடையது ஏப்ரல் 24 அன்று கூரியரில் வந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயரும், கீழே பால்பாயிண்ட் பேனாவில் பாஸ்வேர்டும். அப்பாவுடையது இன்னும் வரவில்லை. அவர் இப்போது எந்தக் கம்பெனியிலும் இயக்குநர் இல்லை. அவர் கையெழுத்து உங்கள் மேஜை டிராயரில் கிடக்க ஒரு காரணமும் இல்லை. ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள்.

ஆவாரம்பாளையத்துக்கு அனுப்புங்கள். மே 2 தேதியிட்ட உங்கள் ‘மறுதாக்கல் கட்டண’ இன்வாய்ஸ் கணபதி முகவரிக்குப் போயிருக்கிறது. அங்கே இப்போது பேக்கரி நடத்துகிறவர் எங்களைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இப்படிக்கு,
இயக்குநர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல் நகல், ஏப்ரல் 28 சலான்கள் இரண்டு.