சீட்டுக் காசும் எங்கள் கேள்விகளும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக வட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலர் அதை எனக்கே அனுப்பி "இது உங்கட ஒபிஸா?" என்றும் கேட்டுவிட்டார்கள். ஓம், இங்கே லண்டனில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் பத்திர வேலை செய்து தரும் எங்கள் ஒபிஸ்தான். "எங்கட ஆக்களே எங்களைக் கள்ளரை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கினம், அதால வீடு கை நழுவிப் போச்சு" என்று அதில் வருகிறது. அந்த வீட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் விஷயத்தை வெளியில் விடாதது எங்கள் கடமை, அவர் எங்களைத் திட்டினாலும் அது போகாது. ஆனபடியால் யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில், வீடு வாங்கக் கொண்டுவரும் காசு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கும் கேள்வி. இதுதான் மனதைச் சுட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கள்ளக் காசை நல்ல காசாக்குவதைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்பு விதிகள் இங்கே வீட்டுப் பத்திர வேலை செய்யும் எல்லோருக்கும் ஒன்றுதான். பெரிய வெள்ளைக்காரக் கொம்பனிக்குப் போனாலும் இதே கேள்வி வரும், என்ன, அங்கே சீட்டு என்றால் என்னவென்று முதலில் நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டும். எங்களுக்குச் சீட்டு தெரியும், கழிவு போக மிச்சம் கைக்கு வருவதும் தெரியும், என் அம்மாவே சீட்டுப் பிடித்தவர்தான். ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே கடதாசி இருக்க வேண்டும். "எனக்கு அவரைத் தெரியும், நல்ல மனிசன்" என்று எழுதி வைத்தால் என் லைசன்ஸ் போகும், நிலைமையைப் பொறுத்து நானும் உள்ளே போகலாம்.

அதனால்தான் சீட்டுப் பிடிக்கிறவரின் கொப்பியில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் படம் ஒன்று, மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து போன காசு தெரியும் பாங்க் ஸ்டேட்மென்ட், முடிவில் மொத்தமாக வந்து விழுந்த நாள், இவ்வளவும் கேட்கிறோம். கையில் கட்டி கையில் வாங்கிய சீட்டு என்றால் கஷ்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. மச்சான் தந்த இருபதாயிரம் என்றால் அது அன்பளிப்பு, கடன் இல்லை, வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன் என்று மச்சான் எழுதித் தர வேண்டும். அவருடைய பாங்க் ஸ்டேட்மென்டும் வேண்டும். மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், தரும் பாங்கிடம் அதை நாங்கள் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே நாங்கள் பாங்குக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறோம். "மச்சானிட்டை எப்பிடிக் கேக்கிறது" என்பது எனக்கும் விளங்குகிறது. பழியை எங்கள் மேல் போட்டுக் கேளுங்கள்.

சரி, வீடு கை நழுவிய கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் விலை பேசி ஒத்துக்கொண்டதும் வீடு உங்களுடையது ஆவதில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் விற்பது எழுத்தில், இரு பக்கக் கையெழுத்தோடு இருக்க வேண்டும், அந்தக் கடதாசிகளைப் பரிமாறும் எக்ஸ்சேஞ்ச் நாள் வரைக்கும் விற்பவர் கூடுதலாகத் தருகிற இன்னொருவரிடம் போகலாம், நீங்களும் வேண்டாமென்று விடலாம். வீட்டின் நிலையைப் பார்க்கும் சர்வேக்கும் கவுன்சில் பதிவுகளைப் பார்க்கும் தேடுதலுக்கும் கட்டிய காசு யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அநியாயம்தான், ஆனால் அது நாங்கள் எழுதிய சட்டம் இல்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு கதை வேறு: வழக்கமாக விலையில் 10 வீதம் வைப்பாகக் கட்டியிருப்பீர்கள், அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்த வைப்புக் காசு போகும். வழக்கமான ஒப்பந்தங்களில் அன்றிலிருந்தே வீட்டுக்கு வரும் சேதமும் உங்கள் தலையில், ஆகவே இன்சூரன்ஸ் அன்றைக்கே ஓட வேண்டும். பால் காய்ச்ச ஐயரிடம் நாள் கேட்பவர்கள் தயவுசெய்து எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு கேளுங்கள். இல்லாவிட்டால் ஐயர் சொன்ன நாளுக்கு விற்பவரின் வான் வராது, எனக்குத்தான் டெலிபோன் வரும்.

ஊரில் இருக்கும் வீட்டைச் சொல்லாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது அரசாங்கத்துக்குக் கட்டும் ஸ்டாம்ப் டியூட்டி வரியில் முதல் வீடு வாங்குபவர் என்ற சலுகைக்கு உலகத்தில் எங்கேயும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சீதன வீடும் கணக்கு, அப்பா எழுதி வைத்த பங்கும் கணக்கு. வெறும் காணி என்றால் பரவாயில்லை. இருவர் சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு இருந்தாலே இருவருக்கும் சலுகை இல்லை. 450,000 பவுண்ட்ஸ் வீட்டுக்கு இப்போதைய வீதப்படி, அதாவது 2025 ஏப்ரல் முதல், சலுகையோடு 7,500, சலுகை இல்லாமல் 12,500. ஊர் வீட்டில் உங்கள் பங்கின் பெறுமதி 40,000 பவுண்ட்ஸோ அதற்கு மேலோ என்றால் வாங்கும் விலையில் மேலதிகமாக 5 வீதம் விழலாம், அப்போது மொத்தம் 35,000. மனைவி பெயரில் சீதன வீடு, வாங்குவது கணவன் மட்டும் என்றாலும், சேர்ந்து வாழ்கிற தம்பதி என்றால் அந்த 5 வீதத்துக்கு ஒருவராகத்தான் பார்ப்பார்கள். இதை முதல் சந்திப்பிலேயே கேட்டால் "ஊர்ச் சொத்து உங்களுக்கு எதுக்கு" என்கிறார்கள். இதற்குத்தான்.

வேலிச் சண்டைக்காரருக்கு ஒரு வார்த்தை. லேண்ட் ரெஜிஸ்ட்ரி, அதாவது காணிப் பதிவகத்தின், வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டும், அங்குலக் கணக்கில்லை. வீட்டைப் பார்த்து நின்றால் இடது வேலி நம்முடையது என்று ஒரு சட்டமும் கிடையாது, பத்திரத்தில் எழுதியிருந்தால் உண்டு. பக்கத்து வீட்டாரோடு கடிதப் போர் நடத்தினால் விற்கும்போது படிவத்தில் அதைச் சொல்ல வேண்டி வரும், யோசித்து எழுதுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் புதிதாக அறை இறக்கிக் கட்டியவர்கள் கவுன்சிலின் கட்டட முடிவுச் சான்றிதழைத் தேடி வையுங்கள். அது இல்லையென்றால் நீங்களாகக் கவுன்சிலுக்கு அழைத்துக் கேட்காதீர்கள், முதலில் எங்களிடம் கேளுங்கள். கவுன்சிலிடம் கேட்டுவிட்டால், சான்றிதழ் இல்லாததற்கென்று வாங்கக்கூடிய இன்சூரன்ஸும் கிடைக்காமல் போகலாம். லீஸ்ஹோல்ட், அதாவது இத்தனை வருடம் என்று குத்தகையில் வாங்கிய பிளாட்காரர், மிச்ச லீஸ் 80 வருடத்துக்குக் கீழே போக முன் அதை நீட்டுவது பற்றி வந்து கதையுங்கள்.

முதல் வீட்டுக்கு எங்களிடம் வந்தவர்கள் இப்போது பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு ரயில் மாறி ஹரோவுக்கு வருகிறவர்கள், சாவி வாங்கிய கையோடு கேசரி கொண்டு வந்து வைப்பவர்கள், அந்தக் குரல் பதிவுக்குக் கீழே "எங்களுக்கு நல்லாத்தான் செய்து தந்தவை" என்று எழுதியவர்கள், உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த வரிகளை ஒபிஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

தொழிலாளருக்காக நாங்கள் கட்டும் தேசிய காப்புறுதி 15 வீதமானது, லேண்ட் ரெஜிஸ்ட்ரி கட்டணமும் ஏறியது, டெலிபோன் எடுக்கும் அக்காவும் வேறு இடம் போய்விட்டார் என்பதால் அடுத்த மாதம் முதல் புதிய கோப்புகளுக்கு எங்கள் கட்டணம் 150 பவுண்ட்ஸ் கூடும், வற் (VAT) வரி தனி. சனிக்கிழமை ஒபிஸ் பூட்டியிருக்கும்.

கடைசியாக, எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது என்று எங்கள் பெயரில் ஈமெயில் வந்தால் நம்ப வேண்டாம். கணக்கு மாறினாலும் ஈமெயிலில் சொல்லமாட்டோம். காசு அனுப்ப முன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு ஒருமுறை அடியுங்கள், எடுக்கக் கொஞ்சம் பிந்தினாலும் எடுப்போம்.

அன்புடன்,
உரிமையாளரும் ஒபிஸில் உள்ள எல்லோரும்